தேஞ்ச பார்ட்டைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி: பழைய கார் என்ஜினை வீட்ல பிரிச்சுக் கட்டினது

பழைய கார் என்ஜினை வீட்லயே பிரிச்சுக் கட்டினேன்னு சொன்னா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, என்னென்ன மாத்தினீங்க. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கெட் செட்னு வரிசையா சொல்லலாம், தப்பில்ல. ஆனா எனக்கு அதைவிட முக்கியமா படறது அந்தப் பழைய பார்ட் ஏன் அப்படித் தேஞ்சுதுங்கறதுதான். தேயவெச்ச காரணம் உள்ளயே உக்காந்திருந்தா புதுசா போடற பார்ட்டும் அதே இடத்துல அதே மாதிரிதான் தேயும், அப்புறம் அவ்ளோ செலவும் உழைப்பும் எதுக்கு. அதனால இந்தப் பதிவுல எதை எப்படிக் கழட்டணும்ங்கறதை விட, கழட்டினதை எப்படிப் பாக்கணும்ங்கறதைப் பத்திதான் நிறைய எழுதப் போறேன்.

என்கிட்ட இருக்கறது பி.எம்.சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஏ-சீரிஸ் என்ஜின், 948 சிசி, 1956-ல வந்த மோரிஸ் மைனர் 1000-ல போட்ட அதே வகை. இந்தக் குடும்பம் 1951-ல ஆஸ்டின் ஏ30-ல வெறும் 803 சிசியா ஆரம்பிச்சு, கடைசி மினி 2000-ல நிக்கற வரைக்கும் உற்பத்தில இருந்துது, அதனால பார்ட் கிடைக்கறதுல பெரிய கஷ்டம் இல்ல. நாலு சிலிண்டர், எட்டு வால்வு, புஷ்ராட், ப்ளாக்கும் ஹெட்டும் ரெண்டுமே வார்ப்பிரும்பு. போர், அதாவது பிஸ்டன் ஓடற சிலிண்டர் துளை, 62.9 மி.மீ, ஸ்ட்ரோக் 76.2 மி.மீ, அதாவது விட்டம் சின்னது, ஓட்டம் நீளம். பிரிட்டன்ல 1940-கள் வரைக்கும் கார் வரியை சிலிண்டர் விட்டத்தை வெச்சே கணக்கு போட்டாங்க, ஸ்ட்ரோக் அந்தக் கணக்குலயே வராது, அதனால அங்க என்ஜின் டிசைன் பண்றவங்களுக்கு சின்ன போர் நீள ஸ்ட்ரோக்னு ஒரு பழக்கமே ஊறிப்போச்சு. இது வெறும் சரித்திரம் இல்ல. நீள ஸ்ட்ரோக்னா பிஸ்டன் அதிக தூரம் ஓடணும், 4000 ஆர்.பி.எம்-ல இந்த பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 10 மீட்டர், அவ்ளோ தூரம் போர் மேல உரசிட்டே போகுது. போர் தேய்மானத்தைப் பாக்கும்போது இதை மனசுல வெச்சுக்கணும்.

பிரிக்கறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் தெரிஞ்சுடும், ஓடற நிலைமைல என்ஜின் இருந்தா அந்த வாய்ப்பை விட்டுடாதீங்க. சூடு பண்ணி, எல்லா ஸ்பார்க் ப்ளக்கையும் கழட்டி, த்ராட்டிலை முழுசா திறந்து வெச்சு கம்ப்ரஷன் பாருங்க. ரீடிங் எவ்ளோ வருதுங்கறதை விட நாலு சிலிண்டருக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்ங்கறதுதான் பேசும், பத்து சதவீதத்துக்கு மேல போனா ஏதோ இருக்கு. கம்மியா காட்டற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறிச்சுன்னா ரிங் இல்லன்னா போர், ஏறலைன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்தே கம்மின்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். காத்தடிச்சுப் பாக்கற லீக்டவுன் டெஸ்ட் இன்னும் தெளிவு, கார்புரேட்டர்ல சத்தம் கேட்டா இன்லெட் வால்வு, சைலென்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊத்தற வாய்ல கேட்டா ரிங், ரேடியேட்டர்ல குமிழ் வந்தா கேஸ்கெட் இல்லன்னா விரிசல். என் என்ஜின்ல நாலாவது சிலிண்டர் கம்மி, ஆயில் விட்டா ஏறிச்சு. ஏன் நாலாவது மட்டும்? இந்தக் கேள்வியோடதான் நான் முதல் நட்டையே கழட்டினேன்.

கழட்டறதுல சுருக்கமா சிலது சொல்லிட்டுப் போறேன். என்ஜினைத் தூக்கும்போது கிரேன்ல தொங்கற என்ஜினுக்குக் கீழ கை, கால் எதையும் வைக்காதீங்க. பழைய கேஸ்கெட், கிளட்ச் ப்ளேட் இதுல எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்தடிச்சு ஊதவே கூடாது, ஈரத்துணியால துடைச்சு எடுங்க. கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கற மெயின் பேரிங்கோட மூடி (கேப்) ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட முடியாது, ஏன்னா ப்ளாக்கோட சேர்த்து ஒரே நேர்கோட்டுல போர் பண்ணது அது, கனெக்டிங் ராடும் அதோட கேப்பும் அப்படித்தான், நம்பர் இல்லன்னா கழட்டறதுக்கு முன்னாடியே குறிச்சு வைங்க. கேம் ஷாஃப்ட்டோட அசைவை வால்வுக்குக் கொண்டு போற டேப்பட், புஷ்ராட், ராக்கர் எல்லாம் எந்த வால்வோடதுன்னு தெரியற மாதிரி அட்டைல ஓட்டை போட்டு வரிசையா செருகி வைங்க. தேய்மானத்தைப் படிக்கணும்னா எது எங்க இருந்துதுன்னு தெரியணும், வரிசை போச்சுன்னா சாட்சியும் போச்சு.

போல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை. ஜோசப் விட்வொர்த் 1841-ல கொண்டு வந்த த்ரெட்டோட கோணம் 55 டிகிரி, அப்புறம் வந்த யு.என்.எஃப்ங்கற த்ரெட்டோடது 60 டிகிரி, ஏ-சீரிஸ்ல பெரும்பாலும் யு.என்.எஃப். ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ரெண்டு சுத்து சுத்தி ஏறவும் ஏறும், அப்புறம் இறுகி த்ரெட்டையே தின்னுடும். இதைவிட விசித்திரம் பழைய மோரிஸ் என்ஜின்கள்ல உண்டு, எம்.ஜி டி-டைப் கார்ல வந்த எக்ஸ்.பி.ஏ.ஜி என்ஜின் அதுல ஒண்ணு, த்ரெட் மெட்ரிக், ஆனா போல்ட் தலை விட்வொர்த் ஸ்பேனர் சைஸ். அந்தத் தொழிற்சாலை முன்னாடி பிரெஞ்சுக் கம்பெனியான ஹாட்ச்கிஸ்ஸோடது, மெஷினெல்லாம் மெட்ரிக், ஆனா வேலை பாக்கறவங்க கைல இருந்த ஸ்பேனர் இங்கிலாந்து ஸ்பேனர், அதனால அப்படி. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நீங்க வெச்சிருக்கறது எந்த என்ஜினா இருந்தாலும் த்ரெட் கேஜ் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க.

சரி, போருக்கு வருவோம். ஹெட்டைக் கழட்டிட்டு சிலிண்டர் மேல் ஓரத்துல நகத்தை வெச்சுத் தடவினா ஒரு படி தட்டும். அந்தப் படிக்கு மேல ரிங் போறதே இல்ல, அதனால அது கிட்டத்தட்ட அன்னைக்கு ஃபேக்டரில போர் பண்ண அளவு, அதுக்குக் கீழ இருக்கறது இத்தனை வருஷத்துல தேஞ்சது. மேல்பக்கம்தான் ஏன் அதிகம் தேயுதுன்னா, பிஸ்டன் மேல வந்து ஒரு கணம் நின்னு திரும்பற இடம் அது. ஓடிட்டு இருக்கற வரைக்கும் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல ஆயில் ஒரு படலமா தாங்கும், வேகம் பூஜ்யம் ஆகற இடத்துல அந்தப் படலம் மெலிஞ்சுடும், அதே நேரத்துல மேல நெருப்பு, ரிங்குக்குப் பின்னாடி இருந்து கேஸ் பிரஷர் ரிங்கை சுவரோட அழுத்துது. சூடு, அழுத்தம், ஆயில் பஞ்சம் மூணும் ஒரே இடத்துல சேருது. இது போக கனெக்டிங் ராட் சாய்வா தள்ளறதால பிஸ்டன் ஒரு பக்கச் சுவர்லயே அதிகம் சாயும், அதனால போர் வட்டமா இல்லாம ஓவலா ஆகும். ஆக ஒரு இடத்துல அளந்தா போதாது, மேல, நடுவுல, கீழ, ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு திசைல, டயல் போர் கேஜ் வெச்சு அளந்து எழுதணும். ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு, 0.025 மி.மீ. நாலஞ்சு தௌவுக்கு மேல தேய்மானம் போச்சுன்னா புது ரிங் மட்டும் போட்டு ஒப்பேத்த முடியாது, ஏன்னா ரிங் ஒவ்வொரு ஸ்ட்ரோக்லயும் விரிஞ்சு சுருங்கிட்டே இருக்கும், ஓவல் ஆன போர்ல வட்டமான ரிங் ஒட்டவும் ஒட்டாது.

என் என்ஜின்ல மூணு சிலிண்டர் சுமாரா ஒரே அளவு தேஞ்சிருந்துது, நாலாவது மட்டும் தனியா நல்லா போயிருந்துது. இங்கதான் உடனே ரீபோருக்கு (போரைப் பெருசா கடைஞ்சு மறுபடி வட்டமாக்கறது) அனுப்பிடலாம்னு தோணும். நான் ப்ளாக் பக்கவாட்டுல தண்ணி ஓடற வழியை மூடியிருக்கற தகட்டு மூடியான கோர் ப்ளக்கைத் தட்டி எடுத்தேன். பின்பக்க ப்ளக்கை எடுத்ததும் தண்ணி ஓடற வழி பூரா துருவும் சேறும் கல்லு மாதிரி அடைஞ்சு கெடந்துது, ஸ்க்ரூட்ரைவர் வெச்சுக் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்துது. தண்ணி பம்பு முன்னாடி இருக்கு, பின்னாடி போகப் போக ஓட்டம் மெதுவாகும், மிதந்து வர்ற துரு அங்க போய்ப் படியும், அதனால கடைசி சிலிண்டர் கீழ்ப்பாதிக்குத் தண்ணியே சரியா போகல. டெம்பரேச்சர் மீட்டர் இருந்தாலும் அது ஹெட் முன்பக்கத்து சூட்டைத்தான் சொல்லும், பின்னாடி வேகறது அதுக்குத் தெரியாது. அந்தச் சேத்தோட ப்ளாக்கை அப்படியே போர் பண்ணிப் புது பிஸ்டன் போட்டிருந்தா நாலாவது சிலிண்டர் மறுபடி அதே கதிதான் ஆகியிருக்கும். ஒரு ப்ளக் விலை ஒண்ணுமே இல்ல, ரீபில்ட்னு வந்தா எல்லா கோர் ப்ளக்கையும் கண்டிப்பா எடுங்க.

ரெண்டாவது சாட்சி ரிங். மேல் ரிங் அதிகம் தேஞ்சு ஆயில் ரிங் ஓரளவு நல்லா இருந்தா அரைச்ச தூசி காத்து வழியா வந்துதுன்னு அர்த்தம், ஏன்னா காத்தோட வர்ற தூசியை முதல்ல சந்திக்கறது மேல் ரிங்தான். ஆயில் ரிங் அதிகம் தேஞ்சிருந்தா தூசி ஆயில்ல இருந்து வந்துது. என்னோடதுல மேல் ரிங்தான். போய் ஏர் ஃபில்டரைப் பாத்தா எலிமென்ட் புதுசுதான், ஆனா அது உக்கார்ற இடத்துல ரப்பர் காஞ்சு சுருங்கி ஒரு பக்கம் இடைவெளி, அங்க தூசி கோடு போட்ட மாதிரி தடம். ஃபில்டர் மாத்தினா போதாது, உக்கார்ற இடம் இறுக்கமா மூடுதான்னு பாக்கணும்.

பேரிங்கைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல வெச்சு ஒவ்வொண்ணா பாருங்க. பேரிங் ஷெல் ஒரே உலோகம் இல்ல, இரும்பு முதுகு, அது மேல மெத்துன்னு ஒரு அலாய் பூச்சு. மெத்துன்னு இருக்கறதுக்குக் காரணம் உண்டு, ஆயில்ல வர்ற சின்னத் துகள் அதுல புதைஞ்சுடும், கிராங்கைக் கீறாது. ஐசக் பாபிட் 1839-ல கண்டுபிடிச்ச ஒயிட் மெட்டல்ல இருந்தே இந்த யோசனைதான். சாம்பல் நிறமா ஒரே சீரா மங்கியிருந்தா நல்ல தேய்மானம். புள்ளி புள்ளியா மின்னினா துகள் புதைஞ்சிருக்கு. சுத்தி முழுக்கக் கீறல்னா அழுக்கு ஆயில். ஓரத்துல மட்டும் தேஞ்சிருந்தா ராட் வளைஞ்சிருக்கலாம். ஒரு ஷெல் மட்டும் பளபளன்னு துடைச்ச மாதிரி இருந்தா அந்த ஜர்னலுக்கு (பேரிங்ல சுத்தற கிராங்க் பகுதி) ஆயில் போகல, கிராங்க் உள்ள இருக்கற ஓட்டை அடைஞ்சிருக்கும். நடு மெயின் பேரிங்ல கிராங்க் முன்னபின்ன நகராம தடுக்கற த்ரஸ்ட் வாஷர் ரொம்ப மெலிஞ்சிருந்தா கிளட்ச் மிதி மேலயே கால் வெச்சு ஓட்டின வண்டின்னு தெரியும், மிதியை அழுத்தும்போதெல்லாம் கிராங்கை முன்னாடி தள்ளறது அந்த வாஷர் மேலதான் விழுது. அது பார்ட்டால வர்ற பிரச்சனை இல்ல, ஓட்டறவங்க காலால வர்றது, வாஷர் மாத்தினா மட்டும் தீராது.

டேப்பட்டோட அடிமுகத்தையும் பாருங்க. நல்ல டேப்பட்ல தேய்மானம் வட்டமா இருக்கும், ஏன்னா கேம் மேல ஏறும்போதெல்லாம் அது கொஞ்சம் சுத்தணும், அதுக்குத்தான் முகத்தை லேசா குமிழ் மாதிரியும் கேமோட மேட்டை (லோபை) லேசா சாய்வாவும் கடைஞ்சிருப்பாங்க. ஒரே கோடா தேஞ்சிருந்தா அது சுத்தறதை நிறுத்திடுச்சு, அந்த லோபும் போயிருக்கும். பழைய டேப்பட்டைப் புது கேம்ல போடவே கூடாது. ராக்கர் முனைல வால்வு ஸ்டெம் உக்கார்ற இடத்துல சின்னக் குழி விழும், ஃபீலர் கேஜ் அந்தக் குழியைத் தாண்டி ரெண்டு ஓரத்துலயும் உக்காந்துடும், 12 தௌ வெச்சோம்னு நினைப்போம், நிஜத்துல இடைவெளி அதைவிட அதிகம், டேப்பட் சத்தம் போகவே போகாது. ராக்கர் ஷாஃப்ட்டை எடுத்து அடிப்பக்கம் விரல் ஓட்டிப் பாருங்க, தேய்மானம் பூரா அங்கதான் இருக்கும், மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கும்.

ஹெட்டைப் பத்திப் பேசினா லெட் பெட்ரோலைப் பத்தியும் பேசணும். 1921-ல தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் லெட்டைப் பெட்ரோல்ல கலந்தா நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறா எரிஞ்சு தட்டற சத்தம், நிக்கும்னு கண்டுபிடிச்சார், அதோட கூடவே வந்த ஒரு பலன், எரிஞ்ச ஈயத்தோட படிவு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய பூச்சா இருந்து ரெண்டும் நேரா ஒட்டாம பாத்துக்கிச்சு. அந்த ஈயம் குழந்தைங்க மூளைக்குச் செஞ்ச கெடுதல் ரொம்பப் பெருசு, அது போனதுல எனக்கு மனசார சந்தோஷம்தான். 2021-ல அல்ஜீரியாதான் கடைசியா நிறுத்துச்சு, அதோட உலகம் முழுக்க கார்களுக்கு லெட் பெட்ரோல் விக்கறது முடிஞ்சுது. ஆனா வார்ப்பிரும்புலயே நேரடியா வெட்டின சீட் இருக்கற பழைய ஹெட்ல, அந்தப் பூச்சு இல்லாம சூட்டுல வால்வும் சீட்டும் துளித்துளியா ஒட்டிப் பிஞ்சு, வால்வு மெல்ல மெல்ல சீட்டுக்குள்ள இறங்கும். வெளில தெரியற அறிகுறி, டேப்பட் இடைவெளி ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் கொறைஞ்சிட்டே வரும், வழக்கமா தேய்மானத்துல இடைவெளி கூடும்தானே, இது தலைகீழ். சத்தம் இல்லாம ஓடுதேன்னு சந்தோஷப்பட்டா ஒரு நாள் வால்வு மூடாம எரிஞ்சு போகும். ரீபில்ட் பண்ணும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் இன்சர்ட் போட்டுடறது நல்லது, நானும் அதைத்தான் செஞ்சேன்.

இப்போ மெஷின் ஷாப். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், சீட் வெட்டறது, ஹெட் முகம் சமம் பண்றது, விரிசல் டெஸ்ட், இதெல்லாம் வீட்ல நடக்காது, நடக்கணும்னு ஆசைப்படவும் வேண்டாம். நம்ம வேலை சரியான அளவோட போய் நிக்கறது. பிஸ்டனை முதல்ல வாங்கிக் கைல கொடுத்துட்டு இந்த பிஸ்டனுக்குத் தகுந்த மாதிரி போர் பண்ணுங்கன்னு சொல்லணும். 20 தௌ, 40 தௌ ஓவர்சைஸ்னு டப்பால போட்டிருக்கறதை மட்டும் நம்பி போர் பண்ணிட்டு பிஸ்டன் வாங்கினா க்ளியரன்ஸ் எங்கயாவது போய் நிக்கும். கிராங்க் 10, 20, 30 தௌன்னு அண்டர்சைஸ் போகும், கிரைண்ட் பண்ணி வந்ததும் பேரிங்கை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி நாமளே மைக்ரோமீட்டர் வெச்சு ஒரு தடவை அளந்துடணும். நல்ல மெஷினிஸ்ட் இதைத் தப்பா எடுத்துக்க மாட்டார், எனக்குக் கிடைச்சவர் என் நோட்டை வாங்கிப் பாத்துட்டு நாலாவது சிலிண்டரைப் பத்தி அவரே விசாரிச்சார்.

திரும்பி வந்த ப்ளாக் பாக்க சுத்தமா இருக்கும், ஆனா சுத்தம் இல்ல. இந்த ஒரு விஷயத்துல நான் எவ்ளோ எழுதினாலும் போதாதுன்னு தோணுது, ஏன்னா வீட்ல கட்டற என்ஜின் சீக்கிரமே போறதுக்கு முக்கியமான காரணம் இந்த இடம்தான். ஹோனிங், அதாவது போர் சுவரைக் கல்லால தேய்க்கற வேலை, பண்ணும்போது கல்லுல இருந்து உதிர்ற பொடி போர் சுவர்ல இருக்கற குறுக்குக் கோடுகளுக்குள்ள போய் உக்காந்துக்கும். பெட்ரோல், டீசல், தின்னர் வெச்சுத் துடைச்சா ஆயில்தான் போகும், பொடி இன்னும் உள்ள இறங்கும். வெந்நீர், சோப்பு, பிரஷ், இதுதான் வழி, நுரையோட சேர்ந்து பொடி தூக்கிட்டு வரும். வெள்ளைத் துணில ஆயில் தொட்டு போரைத் துடைச்சா துணி சாம்பலா மாறும், மறுபடி கழுவுங்க, மறுபடி துடைங்க, துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் விடாதீங்க. ஈரம் காஞ்ச சில நிமிஷத்துலயே துரு பிடிக்க ஆரம்பிச்சுடும், அதனால காத்தடிச்சு உடனே ஆயில் தடவணும். அதே மாதிரி ப்ளாக்குக்குள்ள ஆயில் ஓடற வழியான ஆயில் கேலரியோட முனைல இருக்கற பித்தளை ப்ளக்கை எடுத்து நீளப் பிரஷ் விட்டுத் தேய்ங்க, கிராங்க் உள்ள இருக்கற சாய்வு ஓட்டைகளையும் விடாதீங்க. பழைய கசடோட கிரைண்டிங் பொடியும் சேர்ந்து அங்கதான் தங்கும், ஸ்டார்ட் பண்ண முதல் நிமிஷத்துல ஆயில் பிரஷர் அதைத் தள்ளிட்டுப் போய்ப் புது பேரிங்ல கொண்டு சேர்க்கும்.

கட்டறது இதுக்கப்புறம் ஒப்பிட்டுப் பாத்தா சுலபம், நிதானமா பண்ணா போதும். பேரிங் க்ளியரன்ஸ் பாக்க பிளாஸ்டிகேஜ்னு ஒரு மெல்லிய மெழுகு நூல் கிடைக்கும், ஜர்னல் மேல அதை கிராங்க்கோட நீளவாக்குல வெச்சு கேப்பை முழு டார்க்ல முறுக்கித் திரும்பக் கழட்டி, அது எவ்ளோ அகலமா நசுங்கியிருக்குன்னு கூடவே வர்ற அளவுகோல்ல பாக்கணும், நடுவுல கிராங்கைச் சுத்திடக் கூடாது. ஒரு இன்ச் ஜர்னல் விட்டத்துக்கு ஒரு தௌ க்ளியரன்ஸ்ங்கறது பொதுவான கணக்கு. ரிங்கை பிஸ்டன்ல மாட்டறதுக்கு முன்னாடி போருக்குள்ள விட்டு, பிஸ்டனைத் தலைகீழா வெச்சுத் தள்ளி நேரா நிறுத்திட்டு, முனைகளுக்கு நடுவுல ஃபீலர் கேஜ் விடுங்க. ஒரு இன்ச் போருக்கு நாலு தௌ வீதம் இருக்கணும், இந்த என்ஜினுக்கு அது சுமார் 10 தௌ. இடைவெளி கம்மியா இருந்தா சூட்டுல ரிங் நீண்டு முனையும் முனையும் முட்டிக்கும், அப்புறம் ஒண்ணு ரிங் உடையும் இல்லன்னா போரைக் கிழிக்கும். புது ரிங் செட்டுன்னாலும் எல்லாத்தையும் அளந்து பாருங்க, டப்பால இருந்து எடுத்து அப்படியே போடாதீங்க. த்ரஸ்ட் வாஷர்ல ஆயில் பள்ளம் இருக்கற பக்கம் கிராங்கைப் பாத்து இருக்கணும். ஹெட் நட்டை நடுவுல இருந்து வெளில போற வரிசைல, ஒரே தடவைல இல்லாம படிப்படியா முறுக்குங்க.

டேப்பட் செட் பண்ண எட்டு வால்வு நாலு சிலிண்டர் என்ஜினுக்கு ஒரு அழகான கணக்கு இருக்கு, ஒன்பது விதி. எட்டாவது வால்வு முழுசா திறந்திருக்கும்போது ஒண்ணாவதை செட் பண்ணுங்க, ஆறாவது திறந்திருந்தா மூணாவதை, ரெண்டாவது திறந்திருந்தா ஏழாவதை, கூட்டினா எப்பவும் ஒன்பது வரும். டைமிங் மார்க்கைத் தேட வேண்டியதே இல்ல.

முதல் ஸ்டார்ட். ஏ-சீரிஸ்ல ஆயில் பம்பு ப்ளாக் பின்னாடி கேம் ஷாஃப்ட் முனைல மாட்டியிருக்கு, வெளில இருந்து ட்ரில் வெச்சு சுத்த முடியாது. அதனால கட்டும்போதே பம்புக்குள்ள ஆயிலை நிறைச்சு வெச்சுக் கட்டணும், அப்புறம் ஸ்பார்க் ப்ளக் இல்லாம ஸ்டார்ட்டரை விட்டு விட்டு சுத்தி, ஆயில் பிரஷர் மீட்டர் முள்ளு எழும்பற வரைக்கும் காத்திருக்கணும். ப்ளக் இல்லாததால பேரிங் மேல லோடு கிடையாது, தைரியமா சுத்தலாம். இக்னிஷன் டைமிங், பெட்ரோல், தண்ணி எல்லாம் சரியா வெச்சு முதல் தடவையே பத்திக்கற மாதிரி தயார் பண்ணிட்டுத்தான் சாவியைத் தொடணும், தீயணைக்கற சிலிண்டர் கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும். புது கேம் போட்டிருந்தா ஐடில்ல விடவே கூடாது, 2000 முதல் 2500 ஆர்.பி.எம் வரைக்கும் ஏத்தி எறக்கி ஒரு 20 நிமிஷம் ஓட்டணும். ஏன்னா கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிக்கறதுலதான் போகும், மெதுவா ஓடினா தெறிக்கறதும் கம்மி. அது முடிஞ்சதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க, பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்க, அதுல என்ன இருக்குங்கறதுதான் உள்ள என்ன நடக்குதுங்கறதுக்கு அத்தாட்சி. லேசா வெள்ளித்தூள் மாதிரி இருந்தா இயல்பு, செம்பு நிறச் செதில் தெரிஞ்சா அங்கயே நிறுத்துங்க.

ரன்னிங்-இன்ல, அதாவது புதுசா கட்டின என்ஜினைப் பழக்கி ஓட்டற நாட்கள்ல, பலரும் பயந்து பயந்து ரொம்ப மெதுவா ஓட்டறாங்க, அதுவும் நல்லதில்ல. ரிங்கை சுவரோட அழுத்தறதே கேஸ் பிரஷர்தான், லோடே கொடுக்கலைன்னா ரிங் உக்காராம போர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடும், அப்புறம் ஆயில் குடிக்கறது நிக்காது. மிதமான லோடு கொடுத்து ஏத்தறது, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்க விடறது, இப்படி மாத்தி மாத்தி ஓட்டணும், ஒரே வேகத்துல நீளமா ஓட்டக் கூடாது. முதல் 800 கிலோமீட்டர்ல மறுபடி ஆயில் மாத்தி, ஹெட் நட்டையும் டேப்பட்டையும் பாத்துடுங்க.

பராமரிப்புக்கு வந்தா ஆயில்தான் முதல்ல. இந்த மாதிரி டேப்பட் கேம் மேல நேரா உரசற என்ஜினுக்கு ஆயில்ல ஜிங்க் பாஸ்பரஸ் சேர்க்கை வேணும், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும்னு புது கார் ஆயில்கள்ல அதைக் கொறைச்சுட்டாங்க, 2004-ல வந்த ஏ.பி.ஐ எஸ்.எம்ங்கற அமெரிக்க ஆயில் தரத்துல இருந்தே மெலிசான கிரேடுகளுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால விலை அதிகமான லேட்டஸ்ட் ஆயில்தான் நல்லதுங்கறது இந்த என்ஜினுக்குப் பொருந்தாது, கிளாசிக் கார்களுக்குன்னு வர்ற 20W-50-ஐ ஊத்துங்க. கம்மியா ஓட்டற வண்டின்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், ஏன்னா ஆயிலைக் கெடுக்கறது கிலோமீட்டர் மட்டும் இல்ல, உள்ள சேர்ற ஈரமும் அமிலமும்தான். வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஐடில்ல விட்டு நிறுத்தற பழக்கம் இருந்தா தயவுசெஞ்சு விட்டுடுங்க, எரியறப்போ உண்டாகற தண்ணி அடில ஆயில் தேங்கற சம்ப்ல இறங்கும், ஆயில் சூடாகறதுக்குள்ள நிறுத்திட்டா அது வெளியேறாது. ஒண்ணு அரை மணி நேரம் ரோட்டுல நல்லா ஓட்டுங்க, இல்ல தொடாம விடுங்க. கூலன்ட்டை ரெண்டு மூணு வருஷத்துக்கொரு தடவை துருத் தடுப்பான் உள்ளதா பாத்து மாத்துங்க, வெறும் தண்ணி வேண்டாம், என் நாலாவது சிலிண்டர் கதி அதனாலதான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கரைக்கும், ஈரத்தை இழுத்து கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கற ஃப்ளோட் பௌலுக்குள்ள வெள்ளையா அரிக்கும், அதனால எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திட்டு நீண்ட நாள் நிறுத்தறதுக்கு முன்னாடி பௌலைக் காலி பண்ணிடுங்க. ஸ்பார்க் வரவைக்கற கான்டாக்ட் பாயின்ட்டோட இடைவெளி 15 தௌ. பாயின்ட் செட் பண்ணினதுக்கப்புறம்தான் டைமிங் பாக்கணும், இடைவெளி மாறினா டைமிங்கும் மாறும். எஸ்.யு கார்புரேட்டர் இருந்தா மிக்ஸ்ச்சர் பாக்க மெஷினே வேண்டாம், ஐடில்ல இருக்கும்போது கார்புரேட்டருக்குள்ள இருக்கற பிஸ்டனை ஒரு மி.மீ தூக்குங்க, ஆர்.பி.எம் லேசா ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தா சரி, ஏறி அங்கயே நின்னா பெட்ரோல் அதிகம், தடுமாறி நிக்கப் பாத்தா கம்மி. ஆனா இதையும் டேப்பட், பாயின்ட், டைமிங் எல்லாம் முடிச்சுட்டுக் கடைசியா பண்ணுங்க, வண்டி சரியா ஓடலைன்னதும் முதல்ல கார்புரேட்டரைத் திருகறதுதான் எல்லாரும் பண்றது, பல நேரம் கோளாறு இக்னிஷன்ல இருக்கும்.

கடைசியா ஆயில் ஒழுகறது, ஏன்னா அடிக்கடி கேக்கறாங்க. இந்த என்ஜின்ல கிராங்க் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, கிராங்க்ல எதிர்த் திசைல வெட்டின ஒரு சுருள் த்ரெட் இருக்கும், சுத்தும்போது அது ஆயிலை உள்ள திருப்பி இழுத்துட்டு வரும். சம்புக்குள்ள பிரஷர் இல்லாத வரைக்கும் அது போதும். உள்ள சேர்ற கேஸை வெளிய விடற ப்ரீதர் பைப்பு அடைஞ்சாலோ ரிங் தேஞ்சு கேஸ் கீழ இறங்கினாலோ உள்ள பிரஷர் கூடி ஆயிலை அந்தச் சுருளைத் தாண்டித் தள்ளிடும். என்ஜினுக்குப் பின்னாடி கிளட்சை மூடியிருக்கற பெல் ஹவுஸிங்ல இருந்து சொட்டுதுன்னு என்ஜினை இறக்கப் போறதுக்கு முன்னாடி ப்ரீதர் பைப்பைக் கழட்டி ஊதிப் பாருங்க, உள்ள இருக்கற கம்பி வலையை மண்ணெண்ணெய்ல கழுவி மாட்டுங்க, நல்லா சூடாகற அளவுக்கு ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து அடில காகிதம் விரிச்சு ராத்திரி விடுங்க. காலைல சொட்டு அப்படியே இருந்தாத்தான் அடுத்த வேலை, அதுவும் கம்ப்ரஷன் பாத்துட்டு.